இரண்டு குடம் தண்ணீருக்கு வந்த செடி

பூந்தொட்டி ஏற்றி வந்த லாரி ஒன்று எங்கள் கடைக்கு எதிரே டயர் வெடித்து நின்ற அன்று நான் பல்கூட விளக்கவில்லை. வெடித்த சத்தத்தில் தூக்கம் கலைந்து, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். பந்தல்குடியில், அதுவும் தூத்துக்குடி ரோட்டின் மேலேயே வீடு என்றால் லாரி நிற்பது ஒன்றும் அதிசயம் இல்லை. உப்பு லாரி, கரி லாரி, பஞ்சு லாரி, வத்தல் லாரி எல்லாம் எங்களுக்குப் பழக்கம். வருகிற தும்மலை வைத்தே என்ன லோடு என்று சொல்லிவிடுவேன். ஆனால் இந்த டிரைவர் தார்ப்பாயை விலக்கினாரே, அடேயப்பா! உள்ளே அத்தனையும் பூ. சிவப்பு, மஞ்சள், ஊதா, இன்னும் எனக்குப் பேர் தெரியாத நிறமெல்லாம் தொட்டி தொட்டியாக நின்றன.

குழாயடியில் வரிசையில் நின்ற பெண்கள் குடத்தை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் தண்ணீர் வரிசையை விட்டு ஒருத்தி நகர்வது சாமி ஆடினால்கூட நடக்காது. எங்களுக்குப் பூ தெரியாமல் இல்லை. சுற்றுவட்டாரத்தில் மல்லிகை உண்டு. ஆனால் பூ என்றால் தலைக்கும் சாமிக்கும்தான். அதை வேரோடும் தொட்டியோடும் வீட்டுக்குள் வைத்து, பறிக்காமல் சும்மா பார்த்துக்கொண்டே இருப்பார்களாம்! டிரைவர் சொல்லித்தான் தெரிந்தது. தூத்துக்குடியில் யாரோ ஒரு பெரிய வீட்டுக்காரர் ஓசூரிலிருந்து வரவழைக்கிறாராம்.

டயர் மாற்ற மதியம் ஆகிவிடும் என்றதும் டிரைவர் முகம் வாடிவிட்டது. சித்திரை வெயில். தொட்டிகளுக்குத் தெளிக்கத் தண்ணீர் வேண்டும் என்று எங்கள் பலசரக்குக் கடையில் வந்து கேட்டார். இங்கே தண்ணீர் விவரம் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குப் பின்னால் இருந்த கிணற்றில் தண்ணீர் நிறையவே இருந்தது, ஆனால் அது உப்பு. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, வாயில் வைத்தால் மூஞ்சி கோணிக்கொள்ளும். நல்ல தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் வரும். வீட்டுக்கு ஆறு குடம், அவ்வளவுதான். அந்த ஆறில் இரண்டு குடத்தை அப்பா தூக்கி டிரைவரிடம் கொடுத்துவிட்டார். அம்மா பார்த்த பார்வையில் அப்பா கல்லாப்பெட்டிக்குள் போய் ஒளிந்துகொள்ளாதது ஆச்சரியம்.

டிரைவர் நல்ல மனுஷன். “அண்ணே, தண்ணிக்குக் காசு குடுத்தா தப்பாயிடும். வழியில நாலஞ்சு சாகும்னு கணக்கு வச்சுத்தான் ஏத்துவாங்க. பிள்ளைங்க புடிச்சது ஒண்ணு எடுத்துக்கட்டும்” என்றார்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஒன்பது வயதில் இந்த மாதிரி வார்த்தையை யார் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்? நான் ஒரே ஓட்டமாய்ப் போய்த் தட்டு அகலத்துக்குப் பூத்திருந்த ஒரு சிவப்பு டேலியாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். என் அக்கா அப்படியா? அவளுக்குப் பதினேழு வயது, பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்து வீட்டில் இருந்தாள். கணக்கில் புலி. எதையும் நின்று நிதானித்துத்தான் செய்வாள், பார்க்கிறவர்களுக்கு உயிர் போய்விடும். லாரியில் ஏறி ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தாள். இலையைத் திருப்பிப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தாள். தண்டை அமுக்கினாள். தொட்டியைச் சாய்த்து அடி ஓட்டையில் வேர் தெரிகிறதா என்று பார்த்தாள். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு மொட்டைச் செடியோடு இறங்கினாள்.

மொட்டைச் செடி என்று சொன்னது சும்மா இல்லை. அடித்தண்டு முள்ளங்கி போலப் பருத்து மண்ணுக்கு மேலே உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து ஒல்லியாய் நாலு கிளை, கிளைக்கு நாலு இலை. பூவும் இல்லை, மொட்டும் இல்லை. எனக்கு வந்ததே கோபம்! நடுரோட்டில் உட்கார்ந்து அழுதேன். அக்கா அசையவில்லை. “பூத்து முடியப் போறத எடுத்துட்டுப் போயி என்ன செய்ய? பூக்கப் போறத எடுப்போம்” என்றாள்.

டிரைவர் அவளை மெச்சிக்கொண்டார். இதன் பூ உள்ளங்கை அகலம் இருக்கும், ரோஸ் நிறம், பூத்தால் பத்து நாள் வாடாது என்றார். நன்றாக வெயில் விழுகிற ஜன்னலில் வைக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர் போதும், அதற்கு மேல் ஒரு சொட்டுகூட வேண்டாம். கூட்டத்தில் ஒரே சிரிப்பு. பந்தல்குடி வெயிலில், வாரத்துக்கு ஒரு தம்ளரில் பிழைக்கிற பூச்செடியா! ஓசூர்க் குளிரில் இருக்கிறவருக்கு வெயிலைப் பற்றி என்ன தெரியும் என்று எல்லாரும் முடிவு கட்டினோம்.

லாரி போன கையோடு பெரியப்பா வந்துசேர்ந்தார். அப்பாவின் அண்ணன். அருப்புக்கோட்டையில் பருத்திக் கமிஷன் கடை வைத்திருந்தார். தாத்தா சின்ன வயதிலேயே போய்விட்டதால் அப்பாவை வளர்த்து, கடை வைத்துக் கொடுத்தது எல்லாம் அவர்தான். அவருடைய டிவிஎஸ் ஐம்பது சத்தம் கேட்டாலே அப்பா எழுந்து நின்றுவிடுவார். பெரியப்பா உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். அக்காவுக்கு மதுரையில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. கணக்குப் படிக்க ஆசை. பெரியப்பாவுக்கோ காரியாபட்டியில் ஒரு மாப்பிள்ளை வீடு தயாராக இருந்தது. ஒரு மாதமாக இந்தப் பேச்சுதான், அப்பா ஒன்றும் சொல்லாமல் மென்று முழுங்கிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ஜன்னலில் இருந்த செடியைப் பார்த்ததும் பெரியப்பாவுக்குச் சிரிப்பு.

“ஏன்டா, பூவும் இல்லாத காயும் இல்லாத கழுதைக்கு ரெண்டு கொடம் நல்ல தண்ணியவா குடுத்த?”

“பூக்கும்ணே. புள்ள பாத்து எடுத்தது.”

“பூத்துக் கிழிச்சது. காரியாபட்டிக்காரவுக கேட்டு விட்டுருக்காக. நான் என்ன சொல்லட்டும்?”

அப்பா தராசுத் தட்டைத் துடைத்து வைத்தார். பிறகு விளையாட்டுப் போலச் சொன்னார். “சரிண்ணே. இந்தச் செடி ஆனி பெறக்குறதுக்குள்ள பூத்துச்சுன்னா இவள மதுரைக்கு அனுப்புறேன். பூக்கலேன்னா அவுகள வரச் சொல்லிருங்க.”

பெரியப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். “பேச்சு பேச்சா இருக்கணும்டா!” என்று எழுந்து போனார். கடையில் சாமான் வாங்க நின்ற நாலு பேரும் சாட்சி ஆகிவிட்டார்கள். அக்கா முகம் வெளுத்துப்போனது. எனக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. எங்கள் வீட்டில் ஒரு பந்தயம்! அந்த நிமிஷமே டேலியாவை மறந்துவிட்டு அந்த மொட்டைச் செடிக்குக் காவல்காரி ஆகிவிட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் விடிந்தால் செடி, பொழுது அடைந்தால் செடி. லாரிப் புழுதி இலையில் படிந்துவிடும் என்று அக்கா தினமும் ஈரத்துணியால் துடைப்பாள். வெயில் நகர நகர ஜன்னலுக்கு ஜன்னல் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். வெள்ளிக்கிழமை காலையில் ஒரே ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போடுவாள். அந்த ஒரு தம்ளரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். படித்த பெண்ணுக்கு இதுகூடவா தெரியாது? நமக்கே நாள் பூரா நாக்கு வறள்கிறது. வாயில்லாத ஜீவன் எப்படிக் கேட்கும்?

ஆகவே நானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வைக்கிற என் தம்ளர் தண்ணீரில் பாதியைக் குடித்துவிட்டு, மீதியை அக்கா பாத்திரம் கழுவப் போகிற நேரம் தொட்டியில் ஊற்றிவிடுவேன். மண் ‘சொர்’ரென்று இழுத்துக்கொள்ளும் சத்தம் கேட்கும். அடேயப்பா, என்ன தாகம் என்று நினைத்துக்கொள்வேன். பெருமை தாங்காது. ஒருநாள் அம்மா அரிசி களைந்த தண்ணீரை முந்தானையில் மறைத்துக் கொண்டுபோய் ஊற்றுவதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தாள். நானும் வைத்தேன். அதோடு சரி.

வைகாசி பாதியில் அது நடந்தது. காலையில் ஜன்னலைத் திறந்த நான் கத்திய கத்தலில் அம்மா தோசைக் கரண்டியோடு ஓடிவந்தாள். கிளை நுனியில் மொட்டு! ஒன்றல்ல, மூன்று! கூர் கூராய், ரோஸ் நிறத்தில் மிளகாய் விதை அளவுக்கு இருந்தன. அக்கா கிட்டே வந்து பார்த்தாள், தொடவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் தெருவில் இறங்கிவிட்டேன். டீக்கடையில் சொன்னேன், சைக்கிள் கடையில் சொன்னேன், நின்றிருந்த அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறி கண்டக்டரிடமும் சொல்லிவிட்டு இறங்கினேன். அந்த வாரமே பிளஸ் டூ முடிவும் வந்தது. அக்கா கணக்கில் ஊருக்கே முதல். இனி என்ன, கிணறு வெட்டத் தங்கம் கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு.

அப்புறம்தான் இலை மஞ்சளானது. முதலில் ஒன்று, மறுநாள் மூன்று, பிறகு தொட்டாலே உதிர்ந்தன. கிளைகள் தொங்கின. எங்கள் ஊரில் ஒரு செடி வாடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான், தாகம். நான் முழுத் தம்ளரையும் ஊற்றினேன். அம்மா இரண்டு வேளை ஊற்றினாள். ஊற்ற ஊற்ற வாடியது, வாட வாட ஊற்றினோம். அக்கா மட்டும் நோட்டையும் செடியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக் குழம்பினாள். அவள் கணக்குப்படி அது அப்படி ஆகக் கூடாது.

ஒருநாள் விடியற்காலையில் எழுந்தபோது அப்பா தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் கடைச் செம்பு. அந்தச் செம்பில்தான் கிணற்று உப்புத் தண்ணீரை எடுத்துக் கடைவாசலில் தெளிப்பார். முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, திருடன் மாதிரிச் சாய்த்துத் தொட்டியில் ஊற்றிவிட்டு, சத்தம் இல்லாமல் போய்விட்டார். மறுநாளும் அப்படியே. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது! அக்காவை அனுப்ப அப்பாவுக்கு இஷ்டம் இல்லை. உப்புத் தண்ணீர் ஊற்றிச் செடியைக் கொல்லுகிறார். கண்டுபிடித்தது நான்!

அக்காவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை என்று முதலில் தலையை ஆட்டினாள். பிறகு போய் அடுப்படியில் உட்கார்ந்தாள். அன்று மத்தியானம் அப்பாவுக்குச் சோறு போடவில்லை. “ஏத்தா, ஒடம்பு சரியில்லையா?” என்று அப்பா கேட்டதும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். மூன்று நாள் அந்த வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை, செடியும் நாளுக்கு நாள் வழுக்கையாகிக்கொண்டே வந்தது.

நாலாம் நாள் பெரியப்பா வந்தார். செடியைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். “ஆனி பெறக்க இன்னும் ஆறு நாளு இருக்கு. காரியாபட்டிக்காரவுகளுக்குச் சொல்லி விட்டுறவா?” என்றார். அப்பா குனிந்த தலை நிமிரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

“அப்பா கள்ளாட்டம் ஆடுறாரு பெரியப்பா! தெனமும் விடியக்காலம் உப்புத் தண்ணி ஊத்துறாரு, நான் பாத்தேன்! செடிய அப்பாதான் கொன்னுட்டாரு!”

சாமான் வாங்க நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியப்பா முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. தம்பி தன் பக்கம்தான் என்று தெரிந்துவிட்ட சிரிப்பு. “நல்லதுதான செஞ்சிருக்கான்” என்று சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தார்.

அக்கா நேரே தொட்டியிடம் போனாள். விரலை மண்ணுக்குள் விட்டாள், விரல் பொதபொதவென்று இறங்கியது. மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புத் தண்ணீர் பட்ட மண்ணை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நாக்கு சொல்லிவிடும். சுவைத்துவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்பா அவசர அவசரமாகச் சீனி பொட்டலம் கட்ட ஆரம்பித்துவிட்டார், அங்கே சீனி கேட்டு ஒருவரும் நிற்கவில்லை.

“இந்த வீட்ல யாரு யாரு இதுக்குத் தண்ணி ஊத்துனீக?” என்றாள் அக்கா. குரல் அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியவில்லை.

“அரிசி களஞ்ச தண்ணிதானத்தா...” என்றாள் அம்மா. நான் என் தம்ளரை ஒப்புக்கொண்டேன். அப்பா பொட்டலத்தை விட்டு நிமிரவே இல்லை.

அடுத்து அக்கா செய்த காரியத்தில் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. செடியைப் பிடித்து ஒரே இழுப்பாக வேரோடு பிடுங்கிவிட்டாள்! நான் ஓவென்று அலறினேன். பருத்த தண்டின் அடி, அழுகின தக்காளி மாதிரி கொழகொழவென்று இருந்தது. அப்பாவின் புதுப் பிளேடு ஒன்றை எடுத்துவந்து அழுகினதையெல்லாம் வெள்ளையான சதை தெரிகிற வரைக்கும் சீவினாள். வெட்டுக்காயத்துக்குப் போடுவது போல மஞ்சள்தூளை அப்பினாள். பிறகு கடை உத்திரத்தில் வெங்காயத்தைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுகிற கொக்கியில் அதையும் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாள். “காயட்டும். யாரும் தண்ணியோட கிட்ட வந்தீக, அவ்வளவுதான்” என்றாள்.

முடிந்தது கதை என்று நினைத்தேன். மண் இல்லை, தண்ணீர் இல்லை, இலை இல்லை. மூன்று மொட்டில் ஒன்று மட்டும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. சாமான் வாங்க வந்தவர்கள் என்ன கருவாடு இது என்று கேட்டார்கள். நான் வெட்கத்தில் கடைப்பக்கமே போகவில்லை.

வைகாசி கடைசி நாள். கடை திறக்கிற சத்தம் கேட்டது, உடனே அப்பா என் பெயரைச் சொல்லிக் கத்தியதும் கேட்டது. அப்பா கத்தி நான் கேட்டதே இல்லை. ஓடினேன். வெங்காயக் கொத்துகளுக்கு நடுவே, தலைகீழாக, ரோஸ் நிறத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூ! டிரைவர் சொன்ன அதே பூ! நான் குதித்த குதியில் உளுந்து மூட்டை சரிந்தது. அம்மா அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். தெருவே கடைக்குள் வந்துவிட்டது. டீக்கடைக்காரர் எல்லாருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் காசு வாங்கவில்லை.

பத்து மணிக்குப் பெரியப்பா வந்தார். அண்ணாந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

“வேரோட புடுங்கித் தொங்கப் போட்டுருக்கீக. இதுல பூத்தா அது கணக்கா?”

அப்பா கல்லாவை விட்டு வெளியே வந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். அண்ணனுக்கு நேர் எதிரே போய் நின்றார்.

“பூத்தான்னுதாண்ணே சொன்னேன். மண்ணுல இருந்து பூத்தான்னு சொல்லலையே. பேச்சு பேச்சா இருக்கணும்னு நீங்கதான சொன்னீக?”

பெரியப்பா தம்பியை மேலும் கீழும் பார்த்தார். இந்தத் தம்பியை அவர் அதுவரை பார்த்ததில்லை போலிருந்தது. “வக்கீலுக்குப் படிக்க வச்சிருக்கணும்டா ஒன்ன” என்று சொல்லிவிட்டு, வெளியே போய் வண்டியை ஏழெட்டுத் தடவை மிதித்துக் கிளப்பினார்.

அந்தச் செடியை அக்கா மறுபடி மணலும் சரளையும் போட்டு நட்டாள். அது பாலைவனத்துச் செடி, தண்ணீர் ஊற்றுவதுதான் அதைக் கொல்லும் ஒரே வழி என்பதெல்லாம் அவள் கல்லூரி லைப்ரரியில் படித்துவிட்டு வந்து சொன்னது. இன்னொன்றை அவள் சொல்ல இன்னும் பல வருஷம் ஆயிற்று. அன்றைக்கு அவள் நாக்கில் வைத்த மண்ணில் உப்பு இல்லை. அப்பா தன் பங்கு நல்ல தண்ணீரைத்தான் செம்பில் மறைத்து எடுத்துவந்து ஊற்றியிருக்கிறார். அவர் உத்தரவு கொடுத்தால் அண்ணன் மனசு நோகும், பூ உத்தரவு கொடுத்தால் யாரை நோவது என்று அந்த மனுஷன் நினைத்திருக்கிறார். நான் நாலு பேர் முன்னால் கள்ளாட்டம் என்று கத்தியபோது, உண்மையைச் சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்.

ஒன்பது வயதில் எனக்கு இது எதுவும் தெரியாது. கொடுத்த பேச்சை மீற முடியாமல்தான் அப்பா அக்காவை அனுப்புகிறார் என்று நினைத்திருந்தேன். அக்கா மதுரைக்குப் புறப்பட்ட அன்று ஹாஸ்டலில் சேர்த்துவிட அம்மா கூடப் போனாள். கடையைப் பார்க்க அப்பா, அப்பாவோடு நான். தகரப் பெட்டியை பஸ்ஸில் ஏற்றிவிட்டு அப்பா இறங்கி நின்றார். அக்கா ஜன்னல் வழியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்தபிறகுதான் விட்டாள். பஸ் போய் வெகுநேரம் ஆகியும் அப்பா ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? “என்னப்பா, தோத்துட்டீகளா?” என்றேன்.

“ஆமாத்தா. தோத்துத்தான் போனேன்” என்று சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணை அழுத்தித் துடைத்தார். பிறகு ரோட்டைத் தாண்ட எனக்குக் கையை நீட்டினார்.

பந்தயத்தில் தோற்றதற்கு இவ்வளவு பெரிய ஆள் அழுவாரா! நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கையைப் பிடிக்காமல் நான் தனியாக ரோட்டைத் தாண்டினேன்.